கோவாவுக்கும் மூளை அலை வருகிறது

கேள்வி: மார்ச் 2, மாலை

கம்பஸில் கடைசி வருடம். புரொஜெக்டுக்காக நடக்கும்போது ஈஈஜி (தலையில் எலெக்ட்ரோட் ஒட்டி எடுக்கும் மூளை மின்பதிவு) எடுக்கிறேன். எட்டு சானல் பெட்டி, தொப்பி, ஜெல். பெட்டி முதுகுப் பையில். லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகள்) கோயில் வரை தோட்டத்து ரோட்டில் 12 நிமிடம் நடந்தேன். உச்சந்தலைச் சானலில் ஒவ்வோர் அடிக்கும் ஓர் அலை எழும்பி விழுகிறது. எண்ணிப் பார்த்தேன், ஓர் அடியும் தப்பவில்லை. ஸ்பெக்ட்ரம் (எந்த வேகத்தில் எவ்வளவு அலை என்று காட்டும் படம்) போட்டால் 1.8 ஹேர்ட்ஸில், அதாவது நொடிக்கு 1.8 தடவையில், கூராக நிற்கிறது, பக்கத்தில் 0.9இலும் சின்னதாக ஒன்று. நின்றதும் இரண்டும் காணாமல் போகின்றன. காலை அசைக்கும் மோட்டார் கோர்டெக்ஸும் உச்சந்தலைக்கு நேர் கீழேதான் இருக்கிறது. இதை 'மூளை அடியெடுத்து வைக்கும் அலை' என்று எழுதலாமா?

மார்ச் 2, இரவு 9.10

எழுதாதே தங்கச்சி. ஓர் அடியும் தப்பவில்லை என்கிறாயே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். மூளை அலை இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நிற்காது. பிரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள்கணக்கு எடுக்கும் இடம்) வரும் ஆட்கள் மாதிரி கொஞ்சம் முன்பின்னாகத்தான் வரும். விளக்கம் அப்புறம். நாளை காலை கிளினிக்.

மார்ச் 2, இரவு 11.40

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை. மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் பதினொரு வருடமாக ஈஈஜி எடுப்பவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்பது மாதக் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள், வலிப்போ என்று சந்தேகம். தாய் கொழுந்து பறிப்பவர். அன்றைய பேரை (நாள் சம்பளத்தை) விட்டுவிட்டு வந்திருந்தார். குழந்தையை மடியில் போட்டபடியே பதிவைத் தொடங்கினேன். ஐந்து நிமிடத்தில் பின்தலைச் சானல்களில் சீரான அலை கிளம்பியது. நொடிக்கு இரண்டு. மெல்ல வளர்ந்து, ஒரே அளவில் நின்று, ஓடிக்கொண்டே இருக்கிறது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. டாக்டரைக் கூப்பிடக் கதவு வரை போனவன் ஏதோ நினைப்பில் திரும்பிப் பார்த்தேன். தாயின் வலது கை குழந்தையின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது. தட், தட், தட்.

"அம்மா, ஒரு நிமிஷம் தட்டாம இருங்க."

அலை நின்றது. குழந்தை அழத் தொடங்கியது, அதில் மீதிப் பதிவும் நாசம், அது வேறு கதை.

அதற்கப்புறம் பதிவு ஓடும்போது திரையைப் பார்ப்பதில் பாதி நேரம் ஆளைப் பார்க்கிறேன். இருமல், விக்கல், தட்டல், எல்லாவற்றையும் அந்த நொடியிலேயே தடத்தின் ஓரம் குறித்துவிடுவேன். உன் 1.8 ஹேர்ட்ஸும் அந்தத் தாயின் கைதான் என்பது என் ஊகம். உன் விஷயத்தில் தட்டுவது ரோடு.

மார்ச் 3, மதியம்

மூளையிலிருந்து இல்லாவிட்டால் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

தலைத்தோலில் மூளை தருவது பத்து முதல் நூறு மைக்ரோவோல்ட் வரை. டோர்ச் பட்டரி 1.5 வோல்ட், அதைப் பதினைந்தாயிரமாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு நூறு மைக்ரோவோல்ட். அவ்வளவு சின்னதைத் தேடும்போது வழியில் கிடப்பதெல்லாம் கையில் ஒட்டும். எலெக்ட்ரோட்டும் ஜெல்லும் தொடும் இடத்தில் மின்னூட்டம் ஒரு மெல்லிய படையாகத் தேங்கி நிற்கிறது. எலெக்ட்ரோட் துளி நகர்ந்தால் அந்தப் படை குலையும், குலைந்தால் வோல்ட்டேஜ். தோலின் மேற்படைக்கும் சொந்தமாக ஒரு வோல்ட்டேஜ் உண்டு, தோல் இழுபட்டால் அது மாறும். அதனால்தான் ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தைச் சொரசொர ஜெல்லால் மெல்லத் தேய்க்கிறோம். பிறகு வயர். நடையோடு ஆடும் வயர் தன் உறையோடேயே உராய்ந்து மின்னூட்டம் உண்டாக்கும், சுவரில் ஓடும் கரண்டின் 50 ஹேர்ட்ஸையும் பிடித்துத் தரும். கழுத்துத் தசை, தாடை, கண் சிமிட்டல் எல்லாம் தனி. கண் சிமிட்டல் ஒன்றே நெற்றிச் சானலில் நூறு மைக்ரோவோல்ட்டைத் தாண்டும். வியர்த்தால் தடம் முழுக்க மெதுவாக மேலும் கீழும் மிதக்கும். நுவரெலியாக் குளிரில் அது குறைவு, அதற்கு மட்டும் சந்தோஷப்படலாம்.

உனக்கு ஒரு வழி: உன் போலி அலை 1.8இல் இருக்கிறது. 3 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஃபில்டரால் வெட்டிவிட்டு மிச்சத்தைப் பார்.

மார்ச் 3, மதியம், அரை மணி கழித்து

மேலே கடைசிப் பத்தியை யாரும் பின்பற்ற வேண்டாம். சோறு தின்னும் அவசரத்தில் எழுதிவிட்டேன்.

அடி என்பது தொட்டில் ஆட்டம் இல்லையே. குதிகால் நிலத்தில் குத்துகிறது, தலை வரை ஒரு வெட்டு வெட்டுகிறது. அப்படிக் கூராக வரும் அலை 1.8இல் மட்டும் நிற்காது, அதன் மடங்குகளிலெல்லாம் கிளை விடும்: 3.6, 5.4, 7.2, 9, 10.8, 12.6. கடைசி மூன்றும் எங்கே விழுகின்றன பார். 8 முதல் 13 வரை அல்ஃபா, மூளையின் சொந்த அலை. 3 ஹேர்ட்ஸில் வெட்டினால் அடிமரத்தை எடுத்துவிட்டுக் கிளைகளை உள்ளே வைத்த கதை. அதிலும் மோசம், அடிமரம் தெரியாததால் 9 ஹேர்ட்ஸில் நிற்பதை நல்ல அல்ஃபா என்று நம்பிவிடுவாய்.

இன்னொன்று. 0.9 என்றாயே. நொடிக்கு 1.8 அடி என்றால் இடது கால் மட்டும் நொடிக்கு 0.9 தடவை விழுகிறது. இடதும் வலதும் ஒரே மாதிரி ஆட்டினால் 0.9 தெரியாது. பையை ஒரு தோளில் தொங்கவிட்டாயா?

மார்ச் 4

"ஆமாம் அண்ணே, வலது தோளில்."

சரி. துப்பறியும் வேலைக்கே போயிருக்கலாம்.

மார்ச் 7

'அப்படியென்றால் நடக்கிற மூளையைப் பதிவு செய்யவே முடியாதா' என்று மூன்று பேர் கோபப்பட்டிருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சொன்ன மாதிரி தொனித்திருந்தால் என் தவறு.

இந்தச் சண்டை பழையது. 2010இல் மிச்சிகனில் க்வின், ஃபெரிஸ் குழு ஆட்களை ட்ரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டு, திரையில் வரும் குறிகளைக் கவனிக்கச் சொல்லிப் பதிவு செய்தது. ஓடும்போது போலி அலை மூளையின் பதிலை மூடிவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் வரும் சராசரி வடிவத்தைக் கழித்த பிறகு பதில் வெளியே வந்தது. 2014இல் பெல்ஜியத்தில் காஸ்டர்மான்ஸ் குழு தலையில் அக்செலரோமீட்டரும் (அசைவை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்து, டெல்டாவிலும் (மிக மெதுவான அலை) காமாவிலும் (மிக வேகமான அலை) மூளை என்று நினைத்த தாளம் தலையின் ஆட்டமாக இருக்கலாம் என்றது. 2016இல் ஹூஸ்டனிலிருந்து நேதனும் கான்ட்ரேராஸ்-விடாலும், ட்ரெட்மில்லில் மெதுவாக நடந்தால் இந்தத் தொந்தரவு பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை என்றார்கள். வயரைக் கட்டி, தொப்பியை இறுக்கி, நிதானமாக நடக்கவிட்டால் அதுவும் நடக்கக்கூடியதே என்று நினைக்கிறேன்.

எனக்குப் பிடித்தது நடுவில் 2015இல் வந்தது, கிளைன், ஃபெரிஸ் குழுவினுடையது. ஆளுக்கு முதலில் சிலிக்கன் நீச்சல் தொப்பி. அதைத் தாண்டி மூளையின் மின்சாரம் வர முடியாது. அதன் மேல் ஜெல் பூசிய விக், பொய்த் தலைத்தோல். அதற்கும் மேலே எலெக்ட்ரோட்டுகள். பிறகு நொடிக்கு 0.4 முதல் 1.6 மீட்டர் வரை வேகம் மாற்றி நடக்கவிட்டார்கள். இப்போது பதிவில் வருவது எதுவும் மூளை இல்லை, முழுக்கப் போலி. அந்தப் போலி வேகத்துக்கு வேகம், ஆளுக்கு ஆள், எலெக்ட்ரோட்டுக்கு எலெக்ட்ரோட் மாறியது. ஒரே ஃபில்டரால் எல்லாவற்றையும் துடைக்க முடியாது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

நீச்சல் தொப்பிக்கு நான் எங்கே போவது? எங்கள் பக்கம் குளிப்பதே பீலியில் (குழாயில் கொட்டும் ஊற்றுத் தண்ணீர்).

மார்ச் 10, ஞாயிறு

தங்கச்சி நேற்று பஸ் ஸ்டாண்டில் பெட்டியையும் தொப்பியையும் தந்துவிட்டுப் போனாள். நன்றி. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

மூளையில்லாத தலைக்கு, சந்தையில் ஒன்றரைக் கிலோ கோவா (முட்டைக்கோஸ்) ஒன்று. மேல் இலை இரண்டைக் கழற்றினேன், அதில் தண்ணீரே ஒட்டாது. உப்புத் தண்ணீரில் நனைத்த துவாயைச் சுற்றி, அதன் மேல் தொப்பியை மாட்டி, நாடியில் கட்டும் பட்டியைத் தண்டுக்குக் கீழே முடிந்தேன். எட்டு எலெக்ட்ரோட்டுக்கும் ஜெல். ரெஃபரன்ஸ் கிளிப்பை (மற்ற எலெக்ட்ரோட்டுகளை ஒப்பிட வைப்பது) காதுக்குப் பதிலாகத் தண்டில் கடிக்கவிட்டேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. பதினொரு வருடப் பழக்கம்.

முதலில் மேசையில் வைத்து இரண்டு நிமிடம். தடம் கிட்டத்தட்ட நேர்கோடு, கொஞ்சம் 50 ஹேர்ட்ஸ் மட்டும். பிறகு தோளில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு லயத்து முன்னால் போய் வந்தேன். அடுத்த வீட்டு அண்ணன் பல் விளக்கிக்கொண்டே கேட்டார்: "என்ன தம்பி, கோவாவுக்குத் தலையிடியா?"

வீட்டுக்கு வந்து லெப்டொப்பைத் திறந்தால், அடிக்கு ஓர் அலை. அழகான அலை. உச்சிச் சானலில் நாற்பது மைக்ரோவோல்ட் இருக்கும். 1.7இல் ஒரு கூர், 3.4இல் ஒன்று, 5.1இல் ஒன்று. கோவாவுக்கு 8.5இல் 'அல்ஃபா'கூட இருந்தது. தங்கச்சியின் படத்தையும் இதையும் பெயர் போடாமல் பக்கத்தில் வைத்தால், எது கம்பஸ் மாணவி எது கோவா என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

மார்ச் 10, இரவு

கோவாவை நான் முதலில் கண்டுபிடித்ததாக யாரும் புகழ வேண்டாம். 1970களில் கனடாவில் ஏட்ரியன் அப்டன் என்ற நரம்பியல் டாக்டர் ஒரு கட்டி ஜெல்லியில் எலெக்ட்ரோட் ஒட்டி ஈஈஜி எடுத்தார். அங்கேயும் அலை வந்தது. சுற்றியிருந்த ஆஸ்பத்திரிக் கருவிகளிலிருந்து கசிந்து வந்தது அது. மூளைச் சாவை ஈஈஜி ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று காட்டத்தான் செய்தார்.

எங்கள் கோவா வறையாகிவிட்டது. உள் இலைகள்தான், பயப்பட வேண்டாம்.

மார்ச் 12

கோவா விஷயத்தில் கொஞ்சம் பின்வாங்க வேண்டியிருக்கிறது.

இன்று சாவகாசமாகத் தடத்தைப் பார்த்தேன். எட்டுச் சானலிலும் அலை ஒரே வடிவம், ஒரே நேரம். அது நல்ல அறிகுறி இல்லை. எல்லாச் சானலும் ரெஃபரன்ஸைக் கழித்துத்தான் வருகின்றன. ரெஃபரன்ஸ் ஆடினால் எட்டும் சேர்ந்து ஆடும். தண்டில் நான் கடிக்கவிட்ட கிளிப் தளர்வு. அதாவது நான் பார்த்ததில் பெரும் பங்கு எலெக்ட்ரோட்டுகளின் ஆட்டம் இல்லை, ஒரே ஒரு கிளிப்பின் ஆட்டம். அன்று 'அழகான அலை' என்று எழுதியபோதே உறைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கோவாவுக்குக் கழுத்து இல்லை, தோல் இல்லை, முடி இல்லை. என் தோளும் கையும் குலுக்கலைப் பாதி வாங்கிக்கொண்டன. மூளையே இல்லாமல் இப்படிப்பட்ட அலை வரும் என்பதற்குக் கோவா சாட்சி. தங்கச்சியின் அலையும் அப்படித்தான் வந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. நான் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசிவிட்டேன்.

தங்கச்சி, உன் தடத்திலும் எட்டும் ஒன்றுபோல இருக்கிறதா பார். காதுக் கிளிப்பை டேப் போட்டு ஒட்டினாயா?

மார்ச் 17

அம்மாவுக்குத் தொப்பி போட்டேன்.

அம்மா முப்பத்து நான்கு வருடம் கொழுந்து பறித்தவர், இப்போது ஓய்வு. நான் கோவாவோடு நடந்ததைப் பார்த்துவிட்டு "எனக்குப் போடு, நான் கோவாவ விட நல்லா நடப்பேன்" என்றார். லயத்திலிருந்து பீலி வரை போய் வரச் சொன்னேன். பிறகு அதே வழியில் அதே தொப்பியோடு நான். இந்தமுறை கிளிப் இறுக்கமாக, வயர்கள் பின்னி டேப் போட்டு, பையில் இரண்டு பட்டியும் மாட்டி.

உச்சிச் சானலில் அம்மாவின் அடி அலை என்னுடையதில் பாதிகூட இல்லை. இரண்டு தடவை எடுத்தேன், அப்படித்தான். முதலில் ஏதோ சானல் செத்துவிட்டது என்று நினைத்தேன். கண்ணை மூடி நிற்கச் சொன்னதும் பின்தலையில் அல்ஃபா நன்றாக எழுந்தது. சானல் உயிரோடுதான் இருக்கிறது.

"நடக்கும்போது தலையை ஆட்டுவதே இல்லையா அம்மா?"

"தலையில கூடைக் கயிறு கெடந்தா ஆட்ட முடியுமா? ஆட்டுனா கயிறு வழுக்கும். கொழுந்து கொட்டும்."

பிறகு அவர் நடப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன். இத்தனை வருடம் பார்த்தும் கவனிக்காதது. முழங்கால் மடங்குகிறது, இடுப்பு ஏறி இறங்குகிறது, தோளுக்கு மேலே ஒன்றுமே நடக்கவில்லை. தலை தண்டவாளத்தில் போவது மாதிரி போகிறது. கூடை இறக்கி வைத்து ஆறு வருடம் ஆகிவிட்டது.

மார்ச் 17, பிறகு

மேலே எழுதியதைப் படித்த ஒருவர் 'ஆராய்ச்சிக்கு இனிக் கொழுந்து பறிக்கும் பெண்களைத்தான் எடுக்க வேண்டும்' என்றிருக்கிறார். பொறுங்கள். அம்மா என்னை விட மெதுவாகவும் நடக்கிறார், முழங்கால் வலி. வேகம் குறைந்தால் போலி அலையும் குறையும். எவ்வளவு கூடைக் கயிற்றால், எவ்வளவு முழங்காலால் என்று ஒரே ஆளை வைத்துச் சொல்ல முடியாது.

தலையைச் சும்மா ஒருவராலும் அசையாமல் வைத்திருக்க முடியாது, கழுத்துத் தசை அதற்கு வேலை செய்ய வேண்டும். அம்மாவின் பின்தலைச் சானல்களில் 30 ஹேர்ட்ஸுக்கு மேலே புல் முளைத்த மாதிரி அடர்த்தியாக இருக்கிறது, என்னுடையதில் அவ்வளவு இல்லை. கீழே மிச்சம் பிடித்ததை மேலே செலவழிக்கிறார். காமாவை ஆராய்கிறவர்களுக்கு அம்மா ஆகமாட்டார்.

மார்ச் 19

அடிக்கு அடி சராசரி வடிவத்தை எடுத்துக் கழித்துவிடலாமே என்று கேட்டிருக்கிறாய். ட்ரெட்மில்லில் செய்யலாம். அங்கே ஓர் அடி அடுத்த அடியின் அச்சு. நீ நடந்தது தோட்டத்து ரோடு. முதல் முந்நூறு மீட்டர் தார், அப்புறம் சரிவு, அப்புறம் கோயில் படிக்கட்டு, ஒரு படி அரை அடி உயரம், அடுத்த படி ஒன்றே கால். இடையில் உருட்டுக்கல். எந்த அடியை மாதிரியாக வைப்பாய்?

நேற்று இரவு உறைத்த இன்னொரு விஷயம் இதைவிட மோசம். சீரான நடையில் போலி அலை கூர் கூராக நிற்கும், அதனால் கண்ணுக்குத் தெரியும். மேடுபள்ளத்தில் ஒவ்வோர் அடிக்கும் நேரம் மாறுவதால் கூர்கள் பரந்து, கரைந்து, ஒரு மேடாகிவிடும். அந்த மேடு பார்ப்பதற்கு மூளையின் அலை மாதிரியே இருக்கும். முதல் நாள் நான் எழுதிய பிரட்டு உவமை ஞாபகம் இருக்கிறதா, ஒழுங்காக வந்தால் போலி, முன்பின்னாக வந்தால் மூளை என்று? சரிவில் போலியும் முன்பின்னாகத்தான் வரும். அந்த உவமையை வாபஸ் வாங்குகிறேன்.

அதனால்தான் ஒவ்வொன்றையும் குறித்து வை என்கிறேன். தார், சரிவு, படி, நாய் குரைத்தது, எதிரே ட்ரக்டர் வந்தது, எல்லாம்.

மார்ச் 21

ஐசிஏ (கலந்து வரும் அலைகளைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்கும் கணக்கு) போடலாமா என்று ஒருவர். போடலாம். எட்டுச் சானல் போட்டால் அதிகபட்சம் எட்டுக் கூறு கிடைக்கும். கண், கழுத்து இரண்டு பக்கம், நடை என்று போனால் மூளைக்கு எத்தனை மிஞ்சும்? ஃபெரிஸ் குழு மாதிரி ஆட்கள் நூற்றுக்கு மேற்பட்ட எலெக்ட்ரோட் வைத்துக்கொண்டு செய்யும் வேலை அது.

எட்டை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது 2018இல் நோர்டின், ஹேர்ஸ்டன், ஃபெரிஸ் சொன்ன வழி. எலெக்ட்ரோட்டை ஜோடியாக வை. ஒன்று தலைத்தோலைப் பார்த்து, இன்னொன்று அதன் முதுகில் கவிழ்ந்து வெளியே பார்த்து. இரண்டும் சேர்ந்து ஆடும், மின்சாரத்தில் மட்டும் தொடர்பு கிடையாது. வெளியே பார்ப்பவற்றை மூடி, மின்சாரம் கடத்தும் துணி ஒன்று. வெளி எலெக்ட்ரோட்டுக்கு மூளை தெரியாது, ஆட்டம் மட்டும் தெரியும். உனக்கு நாலு ஜோடி கிடைக்கும். துணிக்கு, உப்புத் தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியைப் போட்டுப் பார். கீழே வழிந்து இரண்டையும் இணைத்துவிடாமல் நடுவில் பிளாஸ்டிக்.

மார்ச் 21, பின்குறிப்பு

நல்ல செய்தி ஒன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புரொஜெக்டை விட்டுவிடுவாள். போலி அலை பெரும்பாலும் பதிவில் கூட்டத்தான் செய்யும், இருப்பதைக் குறைப்பது அபூர்வம். ஆகவே நிற்கும்போது இருந்த சக்தி நடக்கும்போது குறைந்தால், அது மூளையாக இருக்க நல்ல வாய்ப்பு. காலை அசைக்கும்போது உச்சந்தலைப் பக்கம் பீட்டா (20 ஹேர்ட்ஸ் பக்கத்து மூளை அலை) தணிவது பலர் கண்டது. 2012இல் வாக்னர் குழு ரோபோ கால்களை நடத்திச் செல்லும் ட்ரெட்மில்லில், ஆள் தானும் முயன்று நடக்கும்போது சும்மா நடத்தப்படுவதை விட அது அதிகம் தணிவதைக் காட்டியது.

ஒரு நிபந்தனை. நிற்பதோடு ஒப்பிட்டால்தான் இந்த வாதம் நிற்கும். ஓர் அடிக்குள்ளேயே 'இங்கே ஏறுகிறது, அங்கே இறங்குகிறது' என்று பார்த்தால், அந்த இறக்கம் இரண்டு குத்துகளுக்கு நடுவே உள்ள பள்ளமாகவும் இருக்கலாம்.

மார்ச் 30

தங்கச்சி புதுப் பதிவை அனுப்பியிருக்கிறாள். இரண்டு தோளிலும் பை, காதுக் கிளிப்புக்கு டேப், நெற்றியில் அக்செலரோமீட்டர், நாலு ஜோடி எலெக்ட்ரோட். நடந்தது தார் ரோட்டில் மட்டும்.

0.9 போயே போய்விட்டது. 1.8 இருக்கிறது, ஆனால் பழையதில் மூன்றில் ஒரு பங்கு. கவிழ்த்த எலெக்ட்ரோட்டிலும் அது கிட்டத்தட்ட அதே உயரம், அக்செலரோமீட்டரிலும் அதே இடம். ஆக முதல் நாள் கேட்ட அலையில் பெரும் பகுதிக்குப் பதில் கிடைத்துவிட்டது, அவளுக்குப் பிடித்த பதில் இல்லாவிட்டாலும்.

ஆனால் 20 ஹேர்ட்ஸ் பக்கம் பாருங்கள். உச்சந்தலைச் சானலில் நின்றபோது இருந்தது நடக்கும்போது தெளிவாகத் தணிந்திருக்கிறது. அதன் முதுகில் கவிழ்ந்திருப்பதில் தணியவில்லை, துளி ஏறியிருக்கிறது. மூன்று தடவை நடந்திருக்கிறாள், மூன்றிலும் அப்படி. நான் இதில் ஓட்டை தேடி ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தேன். இதுவரை கிடைக்கவில்லை. உங்களில் யாருக்காவது கிடைத்தால் சொல்லுங்கள், புரொஜெக்ட் ஒப்படைக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

தங்கச்சி, தொப்பியை அடுத்த சனிக்கிழமை மறுபடி கொண்டு வா. அம்மா இன்னொரு தடவை நடக்கிறாராம், இந்தமுறை கூடையோடு. கயிறு சரியாக எந்த எலெக்ட்ரோட்டின் மேல் கிடக்கும் என்று இன்றைக்கே அவர் தலையில் அளந்து பார்த்துவிட்டேன். உச்சிச் சானலுக்கு இரண்டு விரற்கடை முன்னால். அந்த ஜோடியைப் பின்னால் தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.